நாலு மணி வெயிலில் ஒரு கூரை

...இன்னும் இருபது நிமிடம், நாலு மணிக்குத்தான் வெயில் அந்தக் கூரைக்கு வரும், அதுவரை இந்த நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், பேசினால் சப்பைக்கட்டு கட்டுவது போலாகும், பேசாவிட்டால் குற்றவாளி போலாகும். தையல்கார அம்மா மெஷினை நிறுத்துவதாக இல்லை. அவருடைய ஜன்னலுக்கு நேர் எதிரே, பள்ளத்துக்கு அந்தப் பக்கச் சரிவில், என் அக்காவின் வீடு, நான் வரைந்த வீடு, கூரையும் சுவரும் ஒரே உலோகத் தகடு. இரண்டு வருடம் முன்பு வரைபடம் வெளியானதுமே இந்த அம்மா கட்டட அனுமதி அலுவலகத்துக்குக் கடிதம் போட்டுவிட்டார், கண் ஆபரேஷன் செய்துகொண்டவள் நான், சாயங்காலம் இந்த ஜன்னல் வெளிச்சத்தில்தான் தைக்கிறேன், எதிரே தகரத்தைப் போட்டுக் கண் கூச வைத்தால் நான் பிழைப்புக்கு எங்கே போவது என்று. நியாயம்தானே? அதிகாரிக்கும் நியாயமாகத்தான் பட்டது, இன்று இந்த அம்மா பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் அக்கா குடிபோகலாம், இல்லையென்றால் தகடு மொத்தத்தையும் கழற்ற வேண்டும். அந்தத் தாள் என் மடியில் இருக்கிறது, ஓரமெல்லாம் என் வியர்வை.

தகடு என்றதுமே அக்கா முகத்தைச் சுளித்தவள்தான், கோழிக்கூண்டுக்குப் போடுற சாமானைத்தான் தங்கச்சி எனக்குன்னு எடுத்து வச்சிருக்கா என்று அத்தானிடம் சொல்லிச் சிரித்தாள். கான்கிரீட் என்றால் சரிவை வெட்ட வேண்டும், தகடு லேசு, இரும்புக் கால்களின் மேல் நிற்கும், மண்ணும் அந்த இரண்டு மரங்களும் இருந்தபடி இருக்கும், மழைச் சத்தத்துக்கு உள்ளே பஞ்சுப் பலகை வைத்துவிடலாம் என்று நான் மூச்சு முட்டப் பேசி... அவள் சம்மதித்தது தகட்டுக்கா எனக்கா? நிறத்தில் நான் கோட்டை விட இருந்தேன், அது அவளுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் ஒரு பச்சைத் தகட்டுத் துண்டைப் புல்லில் வைத்துப் பார்த்து மயங்கிவிட்டேன், துண்டு எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருந்தது, கோடை வந்து புல் காய்ந்ததும் அதே துண்டு பள்ளத்துக்கு இந்தப் பக்கம் வரை தெரிந்தது. நல்லவேளை, அதற்குள் ஆர்டர் போகவில்லை. பிறகு ஆறு துண்டுகள், மழை, பனி, வெயில் என்று ஒரு வருடம் முழுக்கப் பார்த்து, காய்ந்த புல்லுக்கும் ஈர மண்ணுக்கும் நடுவே ஒரு தவிட்டு நிறம், மினுக்கம் இல்லாத பூச்சு. அதோடு விட்டேனா? ஜன்னல் கண்ணாடியும் மின்னுமே என்று இந்தப் பக்கச் சுவரை ஒரு ஓட்டைகூட இல்லாமல் தகட்டால் மூடினேன். அக்கா இந்த வீட்டில் தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்றுதான், அடுப்பு முன்னால் நின்றால் பள்ளம் தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல். அது கிடையாது என்றபோது சண்டை போடவில்லை, “உனக்கு வீடு கட்டுற வேலை இல்லடி, வீட்டை ஒளிச்சு வைக்கிற வேலை” என்று மட்டும் சொன்னாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் எனக்குச் சுருக்கென்றது. குடும்பப் படம் எடுத்தால் கடைசி வரிசையில் முழங்காலை மடித்து நிற்கிறவள் நான், அவள் நடுவில் பல்லெல்லாம் தெரிய நிற்பாள்.

வெயில் வந்துவிட்டது. முதலில் மரங்கள், பிறகு கூரையின் விளிம்பு... கூரை அடங்கித்தான் இருக்கிறது, மலையோடு மலையாக, அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் நடுவில் ஒரே ஒரு பட்டை பளீரென்று எரிந்தது. தையல்கார அம்மா கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். பூச்சு தப்பா, தகட்டைத் திருப்பிப் போட்டுவிட்டார்களா, ஒரு வருடம் பார்த்ததெல்லாம் வீணா, அக்காவிடம் என்ன சொல்வேன்? அப்புறம்தான் உறைத்தது, தகட்டின் மேல் கீறல் விழாமல் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் உறை, பொருத்தியதும் உரிக்க வேண்டியதை ஒரு தகட்டில் மட்டும் மறந்திருக்கிறார்கள், நானும் நேற்று மேகத்தில் பார்த்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறேன். அங்கே இருந்த ஷீட் மேஸ்திரிக்குப் போன் செய்தேன். ஏணி வைத்து அவர் ஏறுவதும் குனிவதும் சின்னதாகத் தெரிந்தது, பட்டை மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. அக்கா பக்கவாட்டு வாசலுக்கு வந்து இரண்டு கையையும் தூக்கி, காக்காய் விரட்டுகிற மாதிரி எங்களைப் பார்த்து ஆட்டினாள். தையல்கார அம்மா கத்தரிக்கோலோடு கையைத் தூக்கி ஆட்டினார்.

“உங்க அக்காவா? நல்ல கலகலப்பான ஆளு போல” என்றவர், தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி எதிரே பார்த்தார். “இந்தப் பக்கம் ஜன்னலே வைக்கலையாம்மா?”

உங்களுக்காகத்தான் என்று சொன்னேன், உங்கள் கடிதத்துக்காக, வீடே கண்ணில் படக் கூடாது என்பதற்காக.

“வீடு தெரியக் கூடாதுன்னு நான் எங்க எழுதினேன்? கண்ணு கூசக் கூடாதுன்னுதானே எழுதினேன். தனியாத்தான் இருக்கேன், எதிர்ல மனுஷங்க நடமாட்டம் தெரிஞ்சா எனக்கும் நல்லதுதானே.”

அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம், அவர் சொல்வது சரி, அதில் அப்படி ஒரு வரி இல்லை. அப்படியென்றால் அந்த வரி யாருடையது? அவர் தைத்து முடித்த சட்டையை எடுத்து, பட்டன் துளை போட, நல்ல துணியை நடுவில் கொஞ்சமும் தயங்காமல் வெட்டினார், நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் ஒரு தகட்டை மட்டும் கழற்றினால்... மேலே மழைநீர் வழிய ஒரு மடிப்பு, உள்வாங்கிய கண்ணாடி, நாலு மணி வெயில் படாத அளவுக்கு உள்ளே, மேஸ்திரி திட்டுவார், திட்டட்டும், ஆனால் ஓரம் ஒழுகாதா, தெரியவில்லை. போன் அடித்தது. அக்காதான், என்ன சொன்னாங்க, கழற்றணுமா என்று கேட்டாள்.

“அடுப்பு முன்னாடி நின்னா உன் கண்ணு எவ்வளவு உயரத்துல வரும்?” என்றேன்.

அவள் வாசலிலிருந்து வீட்டுக்குள் ஓடுவது இங்கிருந்து தெரிந்தது, பிறகு என் சுவர் அவளை மறைத்துவிட்டது.