சரிதான், போடு

அந்த வீட்டில் மூன்று பேர். அக்கா ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். தம்பி பஸ் டிப்போவில் மெக்கானிக். தம்பியின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டுக்குள்ளும் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. கட்டின புருஷனே, "டீச்சர், ஒரு காபி கிடைக்குமா?" என்றுதான் கேட்பான்.

குளிர் விட்டு வெயில் எட்டிப் பார்க்கிற அந்த நாலைந்து வாரம் அக்காவுக்குக் கால் வீட்டில் தங்காது. வேலை விட்டதும் பஸ் ஏறாமல், மூடிக் கிடக்கிற சிமென்ட் ஓட்டு ஆலைக்குப் பின்னால் கால்வாய்க் கரையோடு நடந்து வருவாள். கையில் துணிப்பை, பைக்குள் ஒரு சின்னக் கத்தரிக்கோல். மஞ்சள் பூவின் இதழ்கள் முட்டையோடு கலந்து தோசைக்கல்லுக்குப் போகும். ஊதாப் பூ சூப்பில் மிதக்கும். வெள்ளைக் கொத்துப் பூவைக் காம்போடு மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பாள். அது மொறுமொறுவென்று வாயில் உதிரும், உள்ளே லேசாக ஒரு தேன் வாசனை. அவள் கதவைத் திறந்து நுழையும்போதே தம்பி, "நம்ம வீட்டு ஆடு மேய்ச்சல் முடிஞ்சு வந்தாச்சு" என்பான். சொல்லிவிட்டு முதல் தட்டை அவன்தான் காலி பண்ணுவான்.

டீச்சர் தொடமாட்டாள். கல்யாணமாகி வந்த நாலு வருஷமும், "நாய் காலைத் தூக்கின செடியெல்லாம் எனக்கு வேண்டாம் அண்ணி" என்று தட்டைத் தள்ளி வைத்தாள். அக்காவுக்குச் சுருக்கென்று தைக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

அக்கா வெளியே காட்டிக்கொள்ளாத விஷயம் இன்னொன்றும் இருந்தது. ரெண்டு வருஷமாக அவள் கண்ணில் வெள்ளை படிந்து வந்தது. ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரிதான் உலகம். சலவைக்கூடத்தில் சுருக்கத்தை உள்ளங்கையால் தடவிக் கண்டுபிடித்தாள். சட்டைக் காலரைக் கருக்கிய அன்று பெட்டி சூடு ஏறிப்போச்சு என்று சமாளித்தாள். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார். தம்பிக்குத் தெரிந்தாலோ, ஐம்பத்து நாலு வயசில் தான் அந்த வீட்டுக்கு ஒரு சுமை என்று ஆகிவிடும். ஆபரேஷன் பண்ணினால் சரியாகும் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் அதற்கு முதலில் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே.

அந்த வருஷக் குளிர்காலத்தில் ஒரு நாள், அக்கா சமைத்த பருப்பில் கல் கிடந்தது. டீச்சர் கடித்து, கடைவாய்ப் பல் ஓரம் பெயர்ந்துவிட்டது. வலியில் அவள், "பார்த்துப் பொறுக்கக் கூடாதா அண்ணி? கண்ணு எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். அவள் சும்மா கேட்டதுதான். அக்காவுக்கோ தன் ரகசியத்தைத் தொட்டுக் கேட்ட மாதிரி ஆகிவிட்டது. ரெண்டு மாசம் ரெண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட தம்பி தூது போய்ப் போய் ஓய்ந்துவிட்டான்.

சமாதானத்துக்கு முதல் அடி எடுத்து வைத்தது டீச்சர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தம்பி ஷிப்டுக்குப் போயிருந்தான். அக்கா பையை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டும்போது டீச்சர் வந்து வாசலில் நின்றாள்.

"நானும் வரட்டுமா அண்ணி?"

அக்கா திகைத்துப்போனாள். "வெயிலா இருக்கும்மா."

"இருக்கட்டும். நாலு வருஷமா பார்க்குறேன், எங்கதான் போறீங்கன்னு தெரிஞ்சுக்கறேனே."

கால்வாய்க் கரையில் அன்றைக்குப் பூத்துக் குலுங்கியது. எது எதற்கு ஆகும், எதைத் தொடக் கூடாது என்று அக்கா சொல்லிக்கொண்டே போனாள். வெள்ளைப் பூவிடம் வந்ததும் நின்றாள். "இதுல மட்டும் ஜாக்கிரதையா இருக்கணும். இதே மாதிரி பூக்குற இன்னொண்ணு இருக்கு, அது விஷம். நம்ம பூ புதர்ல வரும், காம்பு சொரசொரன்னு இருக்கும். அது களைச்செடி. தண்டு வழவழன்னு, செவப்புப் புள்ளி போட்டிருக்கும்." டீச்சர் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்த பெண் மாதிரி கேட்டுக்கொண்டாள். "இவ்வளவு விஷயம் இருக்கா அண்ணி? நான்பாட்டுக்கு என்னென்னமோ பேசிட்டேன்."

அந்த ஒரு வார்த்தைக்கு அக்கா உச்சி குளிர்ந்துபோனாள்.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் கரையோரமாக இறங்கி, ஒரு கை நிறையக் கொத்துகளோடு மேலே ஏறி வந்தாள். கணுக்கால் வரைக்கும் சேறு, முகத்தில் வேர்வை. "நானே வெட்டினேன். இது சரிதானே அண்ணி?"

அக்கா வாங்கிக் கண் கிட்டக் கொண்டுபோனாள். வெள்ளையாக ஏதோ ஒரு மங்கல், அவ்வளவுதான். மோந்து பார்த்தாள். கால்வாய் நாற்றத்தில் எதுவும் எடுபடவில்லை. கட்டைவிரலால் காம்பைத் தடவினாள். வழவழவென்றுதான் இருந்தது. ஆனால் இளந்தளிர் என்றால் நல்ல பூவின் காம்பும் சில சமயம் அப்படி இருக்கும். 'தண்டுல புள்ளி இருக்கான்னு பாரும்மா' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால், ஏன், உங்களுக்குத் தெரியலையா என்பாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெண் தன்னை ஒரு பெரிய மனுஷியாக நினைத்து நிற்கிறாள்.

"சரிதான், போடு" என்று பையை விரித்துப் பிடித்தாள் அக்கா.

வீட்டில் எண்ணெய் காய்ந்தது. பையில் மேலாகக் கிடந்த தன் கொத்துகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு டீச்சர் மாவு கரைத்தாள். "நான் பறிச்சதை மட்டும் தனியாப் போடுங்க. என் உழைப்பு, நானே சாப்பிடறேன்" என்று சிரித்தாள். அக்கா தான் பறித்ததை முதலில் பொரித்துத் தம்பிக்கு எடுத்து வைத்தாள். அதில் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு டீச்சருடையது. சுடச்சுட எட்டு கொத்து தின்றாள் டீச்சர். "லேசா கசக்குதே" என்றாள். "மாவுல உப்பு கம்மி" என்றாள் அக்கா.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த டீச்சர், "நாக்கு மரத்த மாதிரி இருக்கு அண்ணி" என்றாள்.

"சூட்டோட தின்னா அப்படித்தான்."

கையிலிருந்த தட்டு நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவளுக்கு நிமிர முடியவில்லை. முட்டி மடங்கி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "கால் எங்கிட்ட இல்லாத மாதிரி இருக்கு" என்றாள். பயப்படாமல், ஏதோ கணக்கு தப்பாக வந்த மாதிரிதான் சொன்னாள்.

 அக்கா குப்பைக்கூடையைக் கவிழ்த்து, வெட்டிப் போட்ட காம்புகளைத் தரையில் துழாவினாள். சொரசொரப்பு, சொரசொரப்பு, பிறகு வழவழப்பு. அதை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிக் கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் கதவைத் தட்டினாள்.

"இந்தத் தண்டுல புள்ளி இருக்கா பாருப்பா."

அவன் காம்பைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். "நல்லாத் தெரியுதே, செவப்பு செவப்பா. உங்களுக்குத் தெரியலையா?"

"வண்டியை எடு" என்றாள் அக்கா.

ஆஸ்பத்திரியில் டீச்சரை உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் தம்பி ஓடி வந்தான். கையில் கிரீஸ் அப்படியே இருந்தது. இளவயதுப் பெண் டாக்டர் ஒருத்தி வெளியே வந்து, அந்தக் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதைத்தான் சாப்பிட்டாங்களா? உறுதியாச் சொல்லுங்க. அதைப் பொறுத்துத்தான் வைத்தியம்."

தம்பி முந்திக்கொண்டான். "அப்படி இருக்காது டாக்டர். எங்க அக்கா முப்பது வருஷமாப் பறிக்கறாங்க. அவங்க பார்த்துட்டா பார்த்ததுதான், தப்பாது. ஸ்கூல்ல நேத்து என்னமோ விருந்துன்னா, அங்க எதையாவது தின்னிருப்பா."

அவன் குரலில் இருந்த நம்பிக்கையை அக்காவால் தாங்க முடியவில்லை.

"எனக்குக் கண்ணு தெரியாது டாக்டர்" என்றாள். "ரெண்டு வருஷமாத் தெரியாது. அந்தப் பூதான்."

தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விஷம் காலில் தொடங்கி மேலே ஏறும், மூச்சுக்கு வரும்போது கருவி வைப்போம், ரெண்டு மூணு நாள் தாக்குப்பிடித்தால் பிழைப்பாள் என்றாள் டாக்டர். முறிவு மருந்து எதுவும் கிடையாதாம். சாயங்காலத்துக்குள் டீச்சரின் வாயில் குழாய் செருகியாகிவிட்டது.

மறுநாள் காலை பார்வையாளர் நேரத்தில் அக்காவை உள்ளே விட்டார்கள். மயக்கத்தில் இருக்கிறாள், அஞ்சு நிமிஷம்தான் என்றாள் நர்ஸ். கருவி புஸ் புஸ்ஸென்று காற்றை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. அக்கா படுக்கையைத் தடவி டீச்சரின் கையைக் கண்டுபிடித்தாள். ஈரத்துணி மாதிரி கனமாகக் கிடந்தது அந்தக் கை. கேட்க ஆள் இல்லை என்ற தைரியத்தில் அக்கா பேசினாள்.

"எனக்கு சந்தேகம் இருந்துச்சும்மா. கைக்கு வழவழன்னுதான் பட்டுது. உன்கிட்ட கேட்டா என் கண்ணு போனது தெரிஞ்சிடுமேன்னு சரிதான்னு சொல்லிட்டேன். எண்ணெயில போடும்போதுகூட நினைச்சேன். நீ கசக்குதுன்னப்பவும் நினைச்சேன். தெரிஞ்சேதான் தின்ன விட்டேன்."

அந்தக் கை அசையவில்லை. நர்ஸ் வந்து, நேரமாச்சு என்றாள்.

டீச்சர் பிழைத்தாள். நாலாம் நாள் குழாயை எடுத்தார்கள். ஆனால் விஷம் சதையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டிருந்தது. ஏழு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தபோது கால்கள் குச்சியாக இளைத்திருந்தன. கைத்தடி இல்லாமல் கழிப்பறைக்குக்கூடப் போக முடியவில்லை. கரும்பலகை முன்னால் நிற்க முடியாதவளைப் பள்ளிக்கூடம் எத்தனை நாள் வைத்திருக்கும்? வேலை போயிற்று. அக்காவின் வேலையும் போயிற்று. அவள் கண் விஷயம் ஆஸ்பத்திரியிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து சலவைக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

வந்த ரெண்டாம் நாள், தம்பி டிப்போவுக்குப் போனதும் டீச்சர் கூப்பிட்டாள். "அண்ணி, இப்படி உட்காருங்க."

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நீங்க சொன்னதெல்லாம் கேட்டுச்சு. கண்ணைத்தான் திறக்க முடியல."

அக்கா கட்டிலை விட்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

"அவர்கிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன். அவருக்கு அம்மாவும் நீங்கதான், அப்பாவும் நீங்கதான். அதை உடைச்ச பழி எனக்கு வேண்டாம்." டீச்சர் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். பேசினால் இப்போதெல்லாம் அவளுக்கு இரைத்தது. "ஆனா உங்களோட ஒரே வீட்ல என்னால இருக்க முடியாது. நீங்க அடுப்படியில நின்னா எனக்கு ஒரு வாய் இறங்க மாட்டேங்குது. நீங்களே போயிடுங்க அண்ணி."

அக்கா போனாள். ரெண்டு தெரு தள்ளி, தையல் கடைக்கு மேலே ஓர் அறை. தம்பி குதித்தான், மனைவியோடு மல்லுக்கு நின்றான். டீச்சர் ஒரே பதில்தான் சொன்னாள்: "என்னால முடியல."

ஞாயிற்றுக்கிழமைதோறும் தம்பி அக்காவைப் பார்க்க வந்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்ய வைத்தான். வரும்போதெல்லாம் மனைவியைப் பற்றித்தான் பேச்சு. "அவ மனசு கல்லுக்கா. கண்ணு தெரியாதவ தெரியாம செஞ்சதுக்கு இப்படியா? பறிச்சது யாரு? அவதானே?" அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அது தப்பென்று தெரிந்தும், கேட்க இதமாக இருந்தது. நாலு ஞாயிறு அப்படியே போனது.

ஐந்தாவது ஞாயிறு, கட்டுப் பிரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தம்பி உள்ளே வந்து உட்கார்ந்தான். ரெண்டு வருஷத்துக்குப் பிறகு அக்கா அவன் முகத்தைத் தெளிவாகப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போய், காதோரம் நரைத்து, ஷேவ் பண்ணாத மோவாய். இவ்வளவு வயசாகிவிட்டதா இவனுக்கு என்று திக்கென்றது.

"நான் முடிவு பண்ணிட்டேன்கா" என்றான். "அவளைக் கொண்டுபோய் அவங்க அண்ணன் வீட்ல விட்டுடறேன். நீ வந்துடு. பழையபடி நாம ரெண்டு பேரும் இருந்துக்கலாம்."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அக்காவின் மனசு அதற்குத் துள்ளியது. பிறகு அந்தப் பெண்ணைக் கைத்தடியோடு யார் வீட்டு வாசலிலோ நினைத்துப் பார்த்தாள்.

"அவளுக்கு எல்லாம் தெரியும்டா" என்றாள். "எனக்கு அன்னிக்கே சந்தேகம் வந்துச்சு. கையில பட்டவுடனே வந்துச்சு. கௌரவத்துக்காக சரிதான்னு சொன்னேன். ஆஸ்பத்திரியில அவகிட்ட நானே சொன்னேன், அவ காதுல விழுந்திருக்கு. உன்கிட்ட சொல்லாம மறைச்சா. என்னைக் காப்பாத்தத்தான் உன்கிட்ட அத்தனை பேச்சும் வாங்கறா."

கீழே தையல் மிஷின் ஓடி ஓடி நின்றது.

"கசக்குதுன்னு சொன்னாளா?" என்றான் கடைசியில்.

"சொன்னா."

"அப்பக்கூட நீ சொல்லல."

"சொல்லல."

அவன் எழுந்தான். மேஜைமேல் அவளுக்காகக் கொண்டுவந்த பழப்பையை நேராக நிமிர்த்தி வைத்தான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு இறங்கிப் போனான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது வாரம் புதன்கிழமை காலை, தையல்காரர் போனைக் கொண்டுவந்து கொடுத்தார். டீச்சர் பேசினாள்.

"ஏன் சொன்னீங்க அண்ணி?"

"உன்னைக் கொண்டுபோய் விடறேன்னான்."

 அந்தப் பக்கம் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

"இப்ப ராத்திரியில எந்திரிச்சு உட்கார்ந்துடறார்" என்றாள் டீச்சர். "எங்கிட்டயும் பேசறதில்ல. சமைச்சு வெச்சுட்டு வேலைக்குப் போறார்." பிறகு, "இன்னொரு கண்ணு ஆபரேஷன் எப்போ?" என்று கேட்டாள்.

"அடுத்த மாசம்."

"அவர் வரமாட்டார் அண்ணி. கூட வர வேற யாரையாவது பார்த்துக்கங்க."

அக்கா சரி என்றாள். போனைத் தையல்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள். காலையில் எத்தனை மணிக்குக் கடை திறப்பார் என்று கேட்டாள். அடுத்த மாசம் ஒரு நாள் காலையில் தன்னோடு ஆஸ்பத்திரி வரைக்கும் வர முடியுமா என்று, கூச்சத்தோடு கேட்டாள்.