எட்டுப் பேர் கூடிய கூட்டம்

எங்கள் பள்ளிக் கூட்டுறவுக் கடைக்கு ஒன்பது வருஷமாக நான்தான் தலைவர். நோட்டு, பேனா, சீருடை எது வாங்குவதென்றாலும் குழு கூடித்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. முதல் வருஷம் மூன்று முறை கூட்டம் போட்டேன். நாலு மணிக்கு நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டு, தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈ காக்கா கூட வரவில்லை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு, வெள்ளிக்கிழமை கூட்டம் என்று பலகையில் அறிவிப்பு மட்டும் ஒட்டுவேன். தீர்மானத்தை வீட்டிலேயே கூட்ட நோட்டில் எழுதி, திங்கட்கிழமை வகுப்பு வகுப்பாகப் போய் ஏழு உறுப்பினர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுவேன். யாரும் படிப்பதில்லை. எனக்கும் அது சௌகரியமாகப் போயிற்று.

இந்த மாதம், "தலைவர் பதவி விலகுவதைக் குழு ஏற்றுக்கொள்கிறது" என்று எழுதினேன். விலகும் எண்ணம் துளியும் இல்லை. யாராவது ஒருத்தர் படித்துப் பதறி, போகாதீங்க என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

கணக்கு வாத்தியார் பாடத்தை நிறுத்தாமலே கையெழுத்துப் போட்டார். விளையாட்டு வாத்தியார் நோட்டைத் தொடையில் வைத்துக் கிறுக்கியபடி, "நீங்க இருக்கறதால எங்களுக்குத் தலைவலியே இல்ல டீச்சர்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இப்படியே ஆறு பேரிடம் வாங்கியாயிற்று.

ஏழாவது, நூலகர். அதிகம் பேசாதவள். அவள் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள்.

"போறீங்களா டீச்சர்?"

"நீங்க வேண்டாம்னு சொன்னா போகல." விளையாட்டாகச் சொல்லத்தான் நினைத்தேன். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

அவள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல அறிவிப்பைப் பார்த்துட்டுக் கூட்டத்துக்கு வந்தேன் டீச்சர். இங்க யாரையும் தெரியாது. நாலு பேரோட உக்காந்து பேசலாம்னு ஆசை. அறை பூட்டியிருந்துச்சு. அடுத்த மாசமும் வந்தேன், அப்பவும் பூட்டித்தான் இருந்துச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"திங்கட்கிழமை நீங்களே வந்தீங்க. எட்டுப் பேர் கலந்துகிட்டதா எழுதியிருந்துச்சு. கையெழுத்து மட்டும் கேட்டீங்க, போட்டேன்."

அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நான் பார்க்கவே இல்லை.