வளைந்த தட்டுகள்

வளர்ப்பறையின் கதவைத் திறந்ததுமே அவளுக்கு என்னவோ போலிருந்தது. வழக்கமான உப்புத்தண்ணீர் வீச்சம் இல்லை. அலமாரித் தொட்டிகளில் மூழ்கிக் கிடக்க வேண்டிய பிளாஸ்டிக் தட்டுகள் எல்லாம் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பளிச்சென்று இருந்தது. அடுத்ததும் பளிச்.

மீன் காட்சியகத்துக்கு வருகிறவர்கள் ஜெல்லிமீனைத்தான் படம் பிடிப்பார்கள். செந்நிறக் குடையும் நூல் நூலாகத் தொங்கும் கொட்டும் கைகளுமாக அது மிதக்கிற அழகில் சொக்கிப் போவார்கள். அது எங்கிருந்து வந்தது என்று ஒரு ஆளாவது கேட்டிருப்பாரா? ஜெல்லி முட்டையிலிருந்து நேராக வருவதில்லை. முதலில் வருவது கடுகளவு வெள்ளைப் பொடிசு. அது தட்டில் ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரவைத்தால் அதன் உடம்பு அடுக்கிய சாசர்களைப் போல வரிவரியாகப் பிளக்கும். மேல் சாசர் துடித்துத் துடித்துக் கழன்று நீந்திப் போகும். அதுதான் ஜெல்லி. எல்லாம் போன பிறகும் அடிக்கட்டை அடுத்த குளிருக்காக அங்கேயே காத்திருக்கும். இந்தச் செந்நிற வகையைக் குளிரவைத்துப் பிரியவைக்கும் பக்குவம் இவள் ஒருத்திக்குத்தான் கைவந்திருந்தது. ஊழியர்கள் அவளை ஜெல்லியம்மா என்றே கூப்பிட்டார்கள்.

நேற்று அவள் வேறொரு நகரத்துக் காட்சியகத்துக்கு வேலை விஷயமாகப் போயிருந்தாள். பெரிய இடம். தனி ஆய்வறை, தலைமைப் பொறுப்பு. ஒரே ஒரு நிபந்தனை, பொடிசுகளோடு வரவேண்டும். பாதித் தட்டுகளைக் கொடுத்தனுப்ப இங்கே முதலாளியும் சம்மதித்திருந்தார். வெளியே வந்த கையோடு கணவனுக்குத்தான் முதலில் போன் பண்ணினாள்.

"நல்லது, நல்லது" என்றான். பிறகு, "அங்க வந்து நான் என்ன பண்ண? உன் வாளியத் தூக்கிட்டுப் பின்னாடியே வரவா?" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள்.

அவன் இதே காட்சியகத்தில் பம்ப் மெக்கானிக். கல்யாணமாகி வந்த நாளில் அவளுக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். இப்போது டிக்கெட் கொடுப்பவர்கூட அவனை "ஜெல்லியம்மா வீட்டுக்காரரே" என்றுதான் கூப்பிடுகிறார். அவனும் பல்லைக் காட்டிவிட்டுப் போவான்.

ஸ்பானரோடு அவன் உள்ளே வந்தபோது அவள் கையில் தட்டு இருந்தது.

"யாரு கழுவினது?"

"நான்தான். நீ வந்து சிரமப்பட வேண்டாமேன்னு பாத்தேன். பாசி மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஏன், அழுக்கு இல்லையா அது?"

முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கேட்டான். அவளுக்கு அழக்கூட வரவில்லை. இத்தனை வருஷமும் இதே கட்டடத்தில் இருந்தவனுக்கு அழுக்கும் பொடிசும் ஒன்றாகவா தெரிந்தது? ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும், அவன் கவனமெல்லாம் குழாயில்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வேறு எதையும் நினைக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. தவிர, பொடிசைச் சுரண்டினாலும் அதன் காலடியில் கண்ணுக்குத் தெரியாத விதைகள் ஒட்டியிருக்கும். கடல்தண்ணீரில் போட்டுப் பொறுத்திருந்தால் மறுபடி முளைக்கும். உயிர் வந்தாற்போல் ஒரு தட்டைத் துடைத்து மேசையில் வைத்தாள்.

தட்டு ஆடியது.

இன்னொன்றை வைத்தாள். அதுவும் ஆடியது. அடிப்பக்கம் உப்பி, விளிம்பு நெளிந்து போயிருந்தது. எல்லாத் தட்டும் அப்படித்தான்.

போன வருஷம் அவனுடைய பம்ப் குழாயில் பொடிசுகள் பிடித்துக்கொண்டன. சுரண்டச் சுரண்டத் திரும்ப வந்தன. "சனியன், இதுக்குச் சாவே கிடையாதா?" என்று அலுத்துக்கொண்டவனிடம் அவள்தான் சொன்னாள், "வெறும சுரண்டினா விதை நிக்கும்ங்க. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்துங்க, அப்பதான் போகும்." கெட்டிலைத் தேடி எடுத்துக் கொடுத்ததும் அவளேதான். அதன் பிறகு அந்தக் குழாயில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

புது இடத்துக்குப் போன் பண்ணிச் சொன்னாள். பொடிசுகள் இல்லாவிட்டால் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்தப் 'பிறகு' எப்போதும் வராது என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

சாயங்காலம் வீட்டில் அவன் சாப்பிட உட்கார்ந்தான். என்றைக்கும் இல்லாத அக்கறையாக, "விடும்மா, இந்த வேலை எங்கயும் போகலயே" என்றான். அவள் பையிலிருந்து ஒரு தட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அது டொக் டொக்கென்று ஆடியது. அந்தச் சத்தம் பொறுக்காமல், பேச்சோடு பேச்சாக, அவன் இடதுகை விரலால் விளிம்பை அழுத்தி நிறுத்தினான்.

"அழுக்குக்கு எதுக்குங்க கொதிதண்ணி?"

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. அவன் அவளைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்தான். விரலை எடுத்தால் மறுபடி ஆடும். எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.