பால் காய்ச்ச ஒரு பியர்க் கிடாரம்

"காய்ச்சினது நீ. கழுவுறதையும் நீயே கழுவு, கோகுலன்."

கலியாணம் முடியும்வரை இந்தக் கதையை மட்டும் வாயில் எடுக்காதே என்று நிருஜாவின் தாய் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "எங்கடை குடும்பத்திலை முதல் பட்டதாரி நீதான், ஓம். அந்தப் படிப்பை அவையின்ரை குசினியிலை காட்டாதை." இது குசினி இல்லை, மோர்னிங்சைட்டில் கோகுலன் வீட்டுக் கராஜ் என்பது நிருஜாவின் நியாயம்.

பியர் காய்ச்சுவது கோகுலனின் பொழுதுபோக்கு. பார்லித் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கசப்புக்கு ஹொப்ஸ் பூப் போட்டு, ஆறவைத்து, வாளியில் ஊற்றி மூடியதும் அவன் பங்கு முடிந்துவிடும். ஒரு ஆள் குந்தியிருக்கக்கூடிய அந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிடாரம், அடியில் பிடித்த மண்ணிறப் படையும் குழாய்க்குள் சிக்கிய சக்கையுமாக, நிச்சயம் செய்த நாளிலிருந்து கழுவுவதற்கென்று நிருஜாவின் தலையில்தான் விழுந்தது. சட்டம் மட்டும் அவனுடையது: மெத்தென்ற துணி, சுடுதண்ணீர், சிற்றிக் அமிலத் தூள். கம்பிச் சுருள் பக்கத்திலும் வரக்கூடாது. "அது பட்டாக் கறள் பிடிக்கும் நிரு. பிறகு காய்ச்சிறதெல்லாம் இரும்பு மணக்கும்." இரசாயனம் படித்தவளுக்கே பாடம்.

பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். அவனோ சிரித்தான்.

"சரி, கழுவுறன். இதுக்கேன் முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறாய்?"

துணியை எடுத்துக்கொண்டு கிடாரத்துக்குள் தலையை விட்டான். நிருஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, இனி இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அம்மா வீணாகத்தான் பயந்தாளா? இவ்வளவு நாளும் கேட்காமல் இருந்தது தன் பிழையா?

உள்கதவு திறந்தது. கோகுலனின் தாய் நாகமணி தேத்தண்ணியோடு வந்தாள்.

"ஐயோ தம்பி, இப்பிடிக் குனிஞ்சா உன்ரை நாரி என்னத்துக்கு ஆகும்? விடு, நான் மினுக்கிறன்."

"பரவாயில்லை அம்மா..."

"சில்வர் எண்டா முகம் தெரிய வேணும். உதென்ன மங்கிப்போய்க் கிடக்கு! ஆகஸ்டிலை கலியாண வீட்டுக்குப் பால் காய்ச்ச எடுக்கிற கிடாரமெல்லோ."

"பியர் காய்ச்சினதிலையோ, அன்ரி?"

"மினுக்கினா எல்லாம் சுத்தம், பிள்ளை."

நைற்றியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாகமணி, குசினியிலிருந்து எடுத்துவந்த கம்பிச் சுருளால் தேய்க்கத் தொடங்கினாள். கறக், கறக். நிருஜா கோகுலனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"அன்ரி, உதாலை தேய்க்கக் கூடாது. இவர்தான் சொன்னவர். கேட்டுப் பாருங்கோ."

நாகமணி தலையை நிமிர்த்தினாள். "அப்பிடியோ தம்பி?"

"இல்லை அம்மா... உங்களுக்கு வசதியான மாதிரிச் செய்யுங்கோ."

"பாத்தியே பிள்ளை. நீ தேத்தண்ணியைக் குடி, ஆறப்போகுது. உனக்குச் சீனி குறைச்சுத்தான் போட்டனான்."

சீனி குறைவாகத்தான் இருந்தது. வியர்க்க வியர்க்கத் தேய்க்கிற இந்த மனுசியோடு எப்படிக் கோபிப்பது? அப்படியென்றால் யாரோடு? கிடாரத்தின் அடி கீறல் கீறலாய் மின்னியது.

கோகுலன் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். "அம்மா உள்ளை போனாப் பிறகு நீ ஒருக்காச் சிற்றிக் போட்டு எடுத்துவிடன், நிரு. நான் சொன்னா அவ கவலைப்படுவா."

ஈரத் துணி மறுபடி அவள் கையில் இருந்தது. எப்போது வந்தது என்றே தெரியவில்லை.

தேத்தண்ணியைக் கடைசி மடக்குவரை குடித்தாள். துணியை அவன் தோளில் போட்டாள். நிச்சய மோதிரம் ஈரவிரலிலிருந்து சுலபமாகவே கழன்றது. அதைச் சிற்றிக் தூள் இருந்த பேணியின் மூடியில் வைத்தாள். எப்போது முடிவெடுத்தோம் என்று யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. ஆனால் எடுத்தாகிவிட்டது.

"பால் காய்ச்சக் கிடாரம் தேவைப்படாது, அன்ரி."

"என்ன தம்பி சொல்லுறாள்?" நாகமணியின் குரல் கிடாரத்துக்குள்ளிருந்து முழங்கியது. கோகுலன் மறுபடி கூரையைப் பார்த்தான்.

திறந்து கிடந்த கராஜ் கதவால் நிருஜா வெளியே நடந்தாள்.