ஷமாவின் முழங்கால்

நீளம் தாண்டுதலுக்குக் காலூன்றிய நொடியில் ஷமாவின் இடது முழங்காலில் ஏதோ பட்டென்று அறுந்தது. அவளுக்குப் பன்னிரண்டு வயது. கூத்தாநல்லூரில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்று கட்டுப் போட்டு அனுப்பினார். ஆனால் காலை நீட்டித் தூக்க அவளால் முடியவில்லை.

அம்மா சபிஹா அவளைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனாள். குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவர் அருள்செல்வி ஸ்கேன் எடுத்துப் பார்த்து விளக்கினார். முழங்கால் சில்லின் கீழ்முனையை மூடியிருந்த குருத்தெலும்பு உறைபோலக் கழன்றுவிட்டது, சில்லு மேலே ஏறிவிட்டது. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. வளரும் பிள்ளைகளுக்கு அபூர்வமாக வருகிற முறிவு இது. திறந்து, பழைய இடத்தில் வைத்துத் தைக்க வேண்டும். தள்ளிப்போட்டால் கால் பழையபடி ஆகாது என்றார்.

ஷமாவின் பெரியத்தா, அதாவது அவள் அப்பாவின் அண்ணன் ஜாஃபர் சாதிக், வார்டுக்கே வந்துவிட்டார். பொம்பளைப் பிள்ளை காலில் கத்தி படக்கூடாது, தழும்பு விழுந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள், நாட்டு வைத்தியரிடம் காட்டலாம் என்றார். துபாயிலிருந்த தம்பிக்கும் பேசியிருந்தார். அண்ணன் சொல்வதைக் கேள் என்று அவனும் சபிஹாவிடம் போனில் சொல்லிவிட்டான்.

நிக்காஹ் ஆன நாளிலிருந்து சபிஹா அவரை எதிர்த்துப் பேசியதில்லை.

"தழும்பு இருந்துட்டுப் போவுது மச்சான். எம்புள்ள நடக்கணும். நான் கையெழுத்துப் போடப்போறேன்."

"ஏதாச்சும் ஆச்சுன்னா எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

"வரமாட்டேன்."

அன்றே கையெழுத்துப் போட்டாள். அறுவை அறைக் கதவு மூடியது. கணவனின் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. வெளியே வந்த அருள்செல்வி, நன்றாகத் தைத்தாயிற்று என்றார்.

வாரக்கணக்கில் மாவுக்கட்டு. அதைப் பிரித்தபோது முழங்கால் மரம்போல விறைத்திருந்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கச் சொன்னார்கள். ஷமா அழுதாள், அம்மாவைத் திட்டினாள், மறுநாளும் மடக்கினாள்.

அப்படி அழுதுகொண்டிருந்தபோதுதான் பெரியத்தா வீட்டுக்கு வந்தார். இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன் என்று அவர் ஆரம்பித்ததும் ஷமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வலிக்குது பெரியத்தா. ஆனா மடங்குது. பாருங்க."

பல்லைக் கடித்து மடக்கினாள். பிறகு நீட்டி, குதிகாலைக் கட்டிலிலிருந்து தூக்கி, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் பார்க்கும்வரை இறக்கவில்லை.