வேலை செய்யாத இரண்டு சிலிண்டர்கள்

அருப்புக்கோட்டை எல்லைக்கு வரும்போதே கார் கையை விரித்துவிட்டது. சோலைச்சாமி ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்துப் பார்த்தான். உறுமல்தான் வந்தது, வேகம் வரவில்லை. புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிள்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே முந்திப் போனான்.

பின்சீட்டில் அவன் மனைவி செல்லக்கிளி சாய்ந்து கிடந்தாள். மதுரையில் மணி ஒன்றுக்கு அவளுக்கு டயாலிசிஸ் முறை. வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும். போன செவ்வாய்க்கிழமை இதே கார் பாதி வழியில் நின்று முறை தவறிப்போயிற்று. இன்றும் தவறினால் நெஞ்சில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் போனில் கத்தியிருந்தார்.

அப்படியிருந்தும் அதே காரில் ஏன் கிளம்பினான் என்று கேட்டால், புத்தி அவ்வளவுதான். நேற்று நரிக்குடியில் ஒரு மெக்கானிக் நாலு பிளக்கையும் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, “இனிமே குருத கணக்கா ஓடும்ணே” என்று சொல்லியிருந்தான். நல்ல வார்த்தை எவன் சொன்னாலும் நம்பிவிடுகிற ஆள் சோலைச்சாமி. இருபத்தெட்டு வருடத்துக் கார் குதிரையாகும் என்றால் அதையும் நம்புவான்.

உருட்டிக்கொண்டு போய் மாரீஸ்வரனின் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினான். மாரீஸ்வரன் அதிகம் பேசாத மெக்கானிக். இன்ஜினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்தான். பானெட் கிடுகிடுவென ஆடியது. பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினான். முதல் ஒயரைப் பிடுங்கியதும் இன்ஜின் அணையப் பார்த்தது. நாலாவதுக்கும் அப்படியே. இரண்டாவதையும் மூன்றாவதையும் பிடுங்கியபோது ஒரு மாற்றமும் இல்லை.

“ரெண்டு சிலிண்டரு வேலையே செய்யலண்ணே. பாதி இன்ஜின்லதான் வந்திருக்கீக.”

பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அந்தத் துளைகளில் அழுத்தம் காட்டும் கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்த்தான். ஒன்றிலும் நாலிலும் முள் நன்றாக ஏறியது. நடுவில் இருந்த இரண்டிலும் பாதிகூட ஏறவில்லை. அவன் முகம் மாறிவிட்டது. ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியை மெல்லத் திறந்தான். துருக்குழம்பு. வாய் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பொருக்கு.

“என்ன தண்ணிண்ணே ஊத்துறீக?”

சோலைச்சாமி காரைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான்.

“போர் தண்ணியா?”

“ம்.”

“ஒங்க பக்கத்து உப்பு இரும்பையே திங்குமேண்ணே! ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல அடைச்சிருக்க கேஸ்கட்ட அரிச்சிருச்சு. ஹெட்டக் கழட்டி மதுரைக்கு அனுப்பித்தான் சரிபண்ணணும். நாலு நாளாகும்.”

“மாமா,” என்றாள் செல்லக்கிளி உள்ளேயிருந்து. “லாரித் தண்ணிதான் ஊத்துறேன்னு சொன்னீக?”

திருச்சுழிக்குத் தெற்கே அவர்கள் ஊரில் குடிக்கிற தண்ணீர் லாரியில்தான் வரும், நாலு நாளைக்கு ஒருதரம், வீட்டுக்கு ஆறு குடம். மற்ற வீடுகளில் இரண்டே நாளில் காலியாகிவிடும். இவர்கள் வீட்டில் மட்டும் நாலு குடம் எப்போதும் தளும்பிக்கொண்டிருக்கும். செல்லக்கிளி ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது, குடித்த நீர் உடம்பைவிட்டு வெளியேறாது.

“அது ஒனக்குண்டான தண்ணி புள்ள,” என்றான் சோலைச்சாமி. “ஒம் பங்கை எடுத்துக் காருக்கு ஊத்துனா, நீ இனிமே குடிக்கப் போறதில்லன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிராதா? எனக்கு மனசு வரல.”

மாரீஸ்வரன் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டே ரோட்டுக்கு ஓடினான். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. செல்லக்கிளிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவள் ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

“எதுத்தாப்புல... நாலு குடம். நாக்கு ஒட்டிக்கெடக்கும். அதையே பாத்துக்கிட்டு கெடப்பேன். எடுத்துக் கொட்டித் தொலைச்சா... தேவலன்னு இருக்கும்.”

“ஏம் புள்ள ஒரு வார்த்த சொல்லல?”

“ஆசையா வச்சிருந்தீக. எப்பிடிச் சொல்ல?” சற்று நேரம் மூச்சு வாங்கினாள். “நேத்து நீக நரிக்குடிக்குப் போயிட்டீக. என்னால முடியல மாமா. மூணு செம்பு குடிச்சுட்டேன்.”

சோலைச்சாமி பின்சீட்டுப் பக்கம் ஓடினான். கதவைத் திறந்து அவள் சேலைக் கரையை விலக்கிக் காலைப் பார்த்தான். காலையில் கிளம்பும்போது அவன் பார்க்கவில்லை, கார் ஸ்டார்ட் ஆகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான். கணுக்கால் தூண் போல வீங்கியிருந்தது. பெருவிரலால் அமுக்கினான். விழுந்த குழி மேலே வரவில்லை.

“தண்ணி நல்லாருந்துச்சு மாமா,” என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.