அவிழ்த்த செந்துணி

நல்லறிவுடையீர், பங்குனித் திங்களின் முற்பகல் ஒன்றில் மதுரை மாநகரைக் காண்க. வையை தன் நீரை எங்கோ தொலைத்துவிட்டு மணலை மட்டும் காட்டிக் கிடக்க, தென்கரையில் கோபுரங்கள் வெயிலேறி நிற்க, வடகரையில் கோரிப்பாளையத்து நாற்சந்தி வண்டிகளின் இரைச்சலில் தன் குரலைத் தானே கேளாது தவிக்க, மேற்கே நாகமலை நீண்ட முதுகைக் கிடத்தி அடிவாரத்துப் புன்செய்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புன்செய்களுள் ஒன்றில் நேர்ந்த பிழைக்கு விடை சொல்லவே, கருத்தக்கண்ணனும் அவன் மனைவி மாயக்காளும் கே.கே. நகரில் வழக்கறிஞர் ரோகிணியின் அறையில் அமர்ந்திருந்தனர். நீதிமன்றம் கூட இன்னும் இரண்டு நாழிகையே இருந்தது.

நடந்தது இதுதான். மலையிறங்கி வரும் காட்டுப்பன்றிகள் ஒரு பருவத்து நிலக்கடலையை ஓர் இரவில் கிளறித் தின்றுவிடும். அதனால் அவ்வூரார், சட்டம் தடுத்தும் கேளாமல், வரப்போரம் கம்பி கட்டி மின்னோட்டம் விட்டனர். எழுதாத ஒழுங்கு ஒன்றும் அவர்களிடை இருந்தது. கம்பியில் மின் ஓடும்வரை மூலைக்கம்பத்தில் செந்துணி தொங்கும். விடிந்ததும் முதலில் கிணற்றடி அறையில் மின்னை நிறுத்திவிட்டு, பிறகே திரும்பி வந்து துணியை அவிழ்க்க வேண்டும். துணியில்லாக் கம்பத்தைக் கண்டவர் அஞ்சாமல் கம்பியை விலக்கி நடப்பர்.

நாள்தோறும் விடியலில் அதைச் செய்தவள் மாயக்காள். ஒருநாளும் ஒழுங்கு தவறாதவள். சென்ற ஆண்டுத் தைத்திங்களின் ஒரு விடியலில் மட்டும், போகிற வழியில்தானே கம்பம் இருக்கிறது, திரும்பி வரும் நூறடி மிச்சமாகட்டும் என்று துணியை முதலில் அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கிணற்றடியை எட்டுமுன் கன்று கயிறறுத்துக் கடலைக்குள் பாய்ந்தது. அதைப் பிடிக்க ஓடினாள். கன்றைக் கட்டிவிட்டு அவள் நிமிர்வதற்குள், நீர் திருப்ப மண்வெட்டியோடு வந்த அண்டைப் புன்செய்க்காரன் மொக்கையன், வெறுங்கம்பத்தை நம்பிக் கம்பியில் கை வைத்து அங்கேயே உயிரிழந்தான்.

கருத்தக்கண்ணன் அவ்வேளை கத்தரிக்காய் மூட்டைகளோடு மாட்டுத்தாவணிச் சந்தையில் நின்றான். செய்தி கேட்டு ஓடி வந்தவன், காவலர் கேட்குமுன்னே, "கெளம்பையில நாந்தேன் துணிய அவுத்தேன், கரண்ட நிறுத்த மறந்துட்டேன்" என்றான். சொல்லிவிட்டு மனைவியை ஒருமுறை பார்த்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது பழமொழி. அது ஒரே வீட்டுக்குள் நிகழ்ந்தது. அன்று மூடிய வாயை அவள் ஓராண்டாகியும் திறக்கவில்லை, அன்றுமுதல் நிறைவாக உறங்கவும் இல்லை.

ரோகிணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "அண்ணே, குத்தத்த ஒத்துக்கிறீங்களான்னு இன்னைக்கு ஜட்ஜய்யா கேப்பாரு. ஒத்துக்கிட்டா இன்னையோட முடியும், ஆனா ஜெயில் உறுதி. மறுத்தா ஒரு வழி இருக்கு. உங்க வண்டியில கூட வந்த வெள்ளைத்துரை, நீங்க கெளம்பையில துணி கம்பத்துலதான் தொங்குச்சுன்னு சொல்றாரு. அவரு சாட்சி சொன்னா, வேலி போட்ட குத்தம் மட்டுந்தான் உங்க மேல நிக்கும்."

"அப்ப அவுத்தது யாருன்னு கேப்பாகளா?" என்றான் கருத்தக்கண்ணன்.

"கேக்காம விடமாட்டாங்க, அண்ணே."

அவன் எழுந்து வெளியே வர, மாயக்காளும் பின்தொடர்ந்தாள். தெருவோரத்து வேப்பநிழலில் அவன் கையைப் பற்றினாள். "மாமா, நான் சொல்லிர்றேன். என்னால முடியல."

"சொல்லி? நீயும் உள்ள போவ, வேலி போட்டவன்னு நானும் போவேன். நம்ம புள்ள பவதாரிணிக்கு ஒம்பது வயசு. யாரு வீட்டு வாசல்ல போய் நிப்பா அவ?"

"நீங்க செய்யாததுக்கு..."

"வேலி கட்டுனது நாந்தேன். கட்டாம இருந்திருந்தா நீ எத அவுத்திருப்ப?"

அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. பாதி உண்மை முழுப் பொய்யைவிட மறுத்தற்கு அரியது. அந்த நொடியில் மாயக்காள் உள்ளத்தில் ஓர் ஆறுதல் எழுந்தது. அது எழுந்தமைக்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

மன்றத்தில் நடுவர் குற்றத்தைப் படித்துக் கேட்டார். "ஒத்துக்கிறேன்யா" என்று கைகூப்பினான் கருத்தக்கண்ணன். பின்வரிசையில் மாயக்காள் எழுந்து நின்றாள். மன்றப் பணியாளர் அமருமாறு கையசைத்தார். அவர் கையசைத்தாரேயன்றி அவள் வாயைப் பொத்தவில்லை, பேசியிருக்கலாம். அவள் அமர்ந்துவிட்டாள். ஐந்தாண்டுச் சிறை என்று உணவு வேளைக்குப் பின் தீர்ப்பாயிற்று. காவலரோடு கடந்து செல்கையில் அவன் ஒரு கணம் நின்று, "கன்னுக்குட்டிக் கயித்த மாத்து. இத்துப்போச்சு" என்றான்.

முற்றத்தில் தனித்து நின்றவளை நோக்கி வந்தாள் மொக்கையனின் மனைவி நாகஜோதி. வசை வரும் என்று மாயக்காள் காத்திருந்தாள். வசை வந்திருந்தால் தாங்கியுமிருப்பாள். நாகஜோதியோ அவள் இரு கைகளையும் எடுத்துத் தன் கைகளுள் வைத்துக்கொண்டாள். "எம் மொகத்தப் பாக்க ஏன்த்தா கூசுற? அவரு மறந்ததுக்கு நீ என்ன செய்வ. புள்ளைய வச்சுக்கிட்டு நீயும் என்னயப்போலத் தனியாத்தேன் நிக்கிற. எப்பவும்போல வீட்டுக்கு வா."

செந்துணியை அவிழ்த்த விரல்கள் அக்கைகளுக்குள்ளேயே கிடந்தன. உண்மையைச் சொன்னால் கணவன் ஈந்ததும் வீணாகும், மகளும் தெருவில் நிற்பாள். சொல்லாவிடில் இந்தக் கைகளைத் தினந்தோறும் பற்ற வேண்டும். "வாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

மாலை, பேருந்து இறங்கி வரப்பேறினாள். கம்பியைக் காவலர் அகற்றி ஓராண்டு ஆகிவிட்டது. ஆடும் கோழியும் அவ்வழியே போய்வருகின்றன. இருந்தும் மூலைக்கம்பத்தை அணுகியதும் அவள் கால் நின்றது. திரும்பி, கிணற்றடியைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். நல்லோரே, சோர்வினால் மிச்சம் பிடித்த நூறடியைச் சிலர் தம் வாழ்நாளெல்லாம் நடந்து கழிக்கின்றனர், அது கழிவதில்லை.